கலிபோர்னியாவில் தோட்டம் போடுபவர்களுக்கு இரண்டு புத்தகங்கள்

சான் ஹோசே பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கறிவேப்பிலை வருமா, முருங்கை வருமா என்பதுதான். செடி வாங்குவதற்கு முன் 'சன்செட் வெஸ்டர்ன் கார்டன் புக்' வாங்குங்கள் என்பேன். 1954இலிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வந்த புத்தகம். என்னிடம் இருப்பது 2012இல் வெளிவந்தது.

இதன் உயிர்நாடி மண்டல வரைபடம். செடித்தொட்டியின் சீட்டில் இருக்கும் அமெரிக்க வேளாண்துறை எண், குளிர் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கணக்கில் கடலோர சான் பிரான்சிஸ்கோ, உள்நாட்டில் இருக்கும் ஃபிரெஸ்னோவைவிட இதமான ஊர். ஆனால் ஜூலையிலும் கடல்மூடுபனி கவியும் சான் பிரான்சிஸ்கோவில் தக்காளி பழுப்பதே பெரும்பாடு. வெயில் 38 டிகிரியைத் தாண்டும் ஃபிரெஸ்னோவில் வெண்டை காய்த்துத் தள்ளும். சன்செட்காரர்கள் கோடைச் சூடு, கடல்காற்று, மழை, உயரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, மேற்குப் பகுதியை 24 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு செடிக்கும் மண்டல எண், வெயில் குறி, நீர்த்துளிக் குறி உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் அடிக்கடி வரும் மாநிலத்தில் அந்த நீர்த்துளிக் குறியை நான் வேதவாக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

மண், உரம், பாசனம் பற்றி ஆழமாகப் படிக்க கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர் கார்டனர் ஹேண்ட்புக்'. பாடப்புத்தக நடைதான். ஆனாலும் சான் ஹோசே இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் களிமண்ணோடு மல்லுக்கட்டுபவர்கள் மண் பற்றிய பகுதியை விட்டுவிடக் கூடாது.

கறிவேப்பிலைக்கு மட்டும் இவை போதாது. அதே பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பூச்சிக் குறிப்புகளையும் படித்தாக வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஆசிய சில்லிட் பூச்சிக்கு நம் கறிவேப்பிலைக் கொழுந்து மிகவும் பிடிக்கும். கலிபோர்னியாவில் 2008இல் பூச்சியும் 2012இல் நோயும் கண்டறியப்பட்டன. இளந்துளிரைத் திருப்பிப் பாருங்கள்: தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும் பழுப்புப் பூச்சியோ, குஞ்சுகள் வெளியேற்றும் வெள்ளை மெழுகு இழைகளோ தென்பட்டால் மாநில வேளாண்துறைக்கு உடனே தெரிவியுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் உறவினர் வீட்டிலிருந்து ஆசையாகக் கன்று எடுத்து வருவதும் வேண்டாம். உரிமம் பெற்ற உள்ளூர் நர்சரியிலேயே வாங்குங்கள்.