கம்ப்யூட்டர் ராம் வாங்கப் போன மாடிக்கடை
என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் பழைய இன்டெல் எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 (மூன்றாம் தலைமுறை) ராமைப் போட்டேன், திரையே வரவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் ராமின் ஸ்டிக்கரைப் பார்த்ததுமே, "இது இன்டெலுக்கு இல்ல, ஏஎம்டி கம்பெனி போர்டுக்கு மட்டும் ஓடுற ரகம் தம்பி" என்றார்.

சரி, அடுத்த தலைமுறை டிடிஆர்4 போடலாமா என்றேன். சிரித்தார். அதில் 288 பின் (அடியில் உள்ள உலோக முனைகள்), என்னுடையதில் 240. நடுவே வெட்டு இருக்கும் இடமும் மாறியிருக்கும், உள்ளேயே இறங்காது. அப்புறம் 1600 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பழைய 4 ஜிபி ஒன்று தந்தார். என்னிடமிருந்த 1333 ராமோடு சேர்ந்து 1333-இல்தான் ஓடுகிறது, எனக்குப் போதும். மழைக்கால ஈரத்தில் அழுக்கேறிய பின்களை ரப்பரால் தேய்த்துத் தந்ததற்குக் காசு வாங்கவில்லை. ரசீது கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்.