பாறை மீன் இரை வேட்டையாடுவதைப் படம்பிடிக்க ஆக்‌ஷன் கேமரா: மூன்று சீசன் புழங்கிய பிறகு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் நாலு பேரிடம் மாறி மாறிப் புழங்கும் இந்த ஆக்‌ஷன் கேமராவுக்கும் அதன் தண்ணீர் புகாத கூட்டுக்கும் மூன்று சீசன் முடிந்துவிட்டது. சீசன் என்றால் மார்ச் முதல் அக்டோபர் வரை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் நாங்கள் படம்பிடிக்கப் போகும் கிழக்குக் கரைப் பெர்ஹெந்தியான் தீவு விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும். பாலிங், கிரிக், ஜெலி வழியாகக் கோலா பெசுட் துறைக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். கெடாவிலேயே பாயார் தீவு இருக்கிறதே என்றால், மலாக்கா நீரிணையில் தண்ணீர் பல நாள் கலங்கியே கிடக்கும். வேட்டைப் படத்துக்குக் கலங்கல் ஆகாது.

படகுத்துறைத் தூண்களின் நிழலில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கும். அவற்றைத் தின்னத்தான் பாறை மீனும் சீலா மீனும் வரும். புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் பாறையைத் துரத்துவார்கள். படத்தில் வால் மட்டும் விழும். கண் வைக்க வேண்டியது குஞ்சுக் கூட்டத்தின் மேல். சும்மா நிற்கும்போது கூட்டம் தளர்ந்திருக்கும், தலைகள் திசைக்கொன்றாக இருக்கும். பாறை நெருங்கினால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும், இடைவெளி சுருங்கும், கூட்டம் முறுக்கிய துணிபோல் இறுகும். இரண்டு மூன்று நொடியில் பாய்ச்சல். பாறை புகுந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து அதன் வாலுக்குப் பின்னால் மறுபடி சேரும். பெரும்பாலும் மாட்டுவது, சேர முடியாமல் தனித்துப்போன குஞ்சு. அதனால் கேமராவைக் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு மீட்டர் தள்ளி, அசைக்காமல் பிடியுங்கள். மீன் குறுக்கே போகட்டும். தெளிந்த தண்ணீரிலும் தூரம் கூடக் கூடப் படம் மங்கும்.

விடிந்த கையோடும், மாலை ஆறரைக்குப் பிறகும் பாய்ச்சல் அதிகம். மங்கிய வெளிச்சத்தில் குஞ்சுகளுக்குப் பார்வை தடுமாறும். பாறைக்கு அது சாதகம். கேமராவுக்கோ பாதகம். அந்த நேரத்தில் 4கே, நொடிக்கு 60 பிரேம், ஷட்டர் 1/120 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சவரம்பு 800 என்று வைக்கிறோம். வெயில் ஏறியதும் 2.7கே, 120 பிரேம், ஷட்டர் 1/480. எங்கள் கணக்கில் 4கே-யைவிட இந்த 120 பிரேம்தான் காசுக்கு மதிப்பு: 30 பிரேமில் ஓட்டினால் ஒரு நொடிப் பாய்ச்சல் நாலு நொடியாக விரியும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமனை) ஆட்டோவில் விடாதீர்கள். வெள்ளிக் கூட்டம் சட்டகத்தை நிறைக்கும்போதெல்லாம் நிறம் மாறும். 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். செதில் மின்னி வெளுத்துப்போவதால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) அரை ஸ்டாப், அதாவது அரைப் படி, குறையுங்கள். மூன்று நாலு மீட்டர் ஆழத்துக்குச் சிவப்பு பில்டர் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். விளக்கும் வேண்டாம், மிதக்கும் தூசெல்லாம் பனிபோல் வெள்ளையாகத் தெரியும்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிகாபைட். 64 ஜிகாபைட் கார்டு ஏறக்குறைய 85 நிமிடம் தாங்கும், பேட்டரி அதற்கு முன்பே படுத்துவிடும். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 நொடியையும் சேர்த்து வைக்கும் வசதி இருந்தால் பாய்ச்சல் தவறாது, ஆனால் பேட்டரி இன்னும் வேகமாகக் கரையும்.

கைப்பிடியைக் கடையில் வாங்கவில்லை. ஹார்ட்வேர் கடையின் அரை அங்குல பிவிசி பைப்பில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்துச் செய்தது. பைப் நெடுகிலும் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று, கைப்பிடிச் சட்டம் மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 200 கிராம் ஈயக்குண்டு கட்டியதும் எங்கள் சட்டம் அமைதியானது. பளபளக்கும் திருகாணிகளைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். சீலா மின்னும் பொருளைக் கடிக்க வரும். மோதிரம், சங்கிலியும் கரையிலேயே இருக்கட்டும்.

முதல் சீசன் படங்களில் பாதியைக் கெடுத்தது பனிமூட்டம். கூட்டைப் படகில் வைத்து மூடினோம். ஈரக்காற்று உள்ளே மாட்டிக்கொண்டது. கேமரா சூடாக, வெளியே கடல் கண்ணாடியைக் குளிரவைக்க, இருபது நிமிடத்தில் உள்பக்கம் நீர் பூத்தது. இப்போது முந்தின இரவே ஏர்கான் அறையில், இரண்டு ஈரம் உறிஞ்சும் பட்டைகளோடு மூடிவிடுகிறோம். பேட்டரியும் கார்டும் மாற்றக்கூட வெளியில் திறப்பதில்லை. கூட்டின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் புகும். விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது விரலுக்குச் சிக்கும். கூட்டோடு வந்த கிரீஸ் மட்டும், பளபளப்புத் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும். அதிகமாகப் பூசினால் மணல் ஒட்டும்.

கரைக்கு வந்ததும் மூடிய கூட்டை அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்; ஊறும்போது பொத்தான்களை அழுத்தி அழுத்தி விடுங்கள். இரண்டாம் சீசனில் இதை விட்டோம். உப்பு படிந்து ஷட்டர் பொத்தான் இறங்கியபடியே நின்றுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு கிடந்த பிறகுதான் எழும்பியது.

மூன்றாம் சீசனில் கண்ணாடியில் கீறல் விழுந்தது, பேட்டரி 35 நிமிடத்துக்குச் சுருங்கியது. அடுத்த மார்ச்சுக்குள் இரண்டு பேட்டரியும் ஓர் ஓ-ரிங்கும் மாற்றுகிறோம். கேமரா இதேதான்.