எல்எம்இ4 பேக்கேஜ்: வேரியன்ஸ் ஜீரோ ஆனாலும் நிக்காம ஓடுற கணக்கு

ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல மிக்ஸ்டு மாடல், அதாவது க்ரூப் க்ரூப்பா இருக்கற டேட்டாவுக்கான மாடல், போடுறவங்க பெரும்பாலும் எல்எம்இ4 பேக்கேஜத்தான் யூஸ் பண்றாங்க, ஆனா அது உள்ள என்ன பண்ணுதுன்னு பாத்தவங்க கம்மி, எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சதே அந்த உள்வேலைதான்.

ரேண்டம் எஃபெக்டோட, அதாவது ஒவ்வொரு க்ரூப்பும் சராசரிலேர்ந்து எவ்ளோ விலகுதுங்கறதோட, கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ இன்வர்ஸ் எடுத்துதான் கணக்கு போகணும்னா ஒரு இடத்துல கண்டிப்பா மாட்டும். க்ரூப்புக்கு க்ரூப் வித்தியாசமே இல்லன்னு டேட்டா சொல்லிச்சுன்னா வேரியன்ஸ் ஜீரோ, இல்லன்னா இன்டர்செப்ட், ஸ்லோப் கோரிலேஷன் சரியா 1ல போய் உக்காந்துரும், ரெண்டுலயுமே டிட்டர்மினன்ட் ஜீரோ, இன்வர்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முன்னாடி வந்த என்எல்எம்இ பேக்கேஜ் அந்த இன்வர்ஸோட ஃபேக்டர வச்சுதான் எழுதியிருக்கு, அதனால ஜீரோ வேரியன்ஸ்ங்கறத அதால நேரா சொல்லவே முடியாது.

எல்எம்இ4 இன்வர்ஸ் பக்கமே போகல. கோவேரியன்ஸோட சோலெஸ்கி ஃபேக்டர் (மேட்ரிக்ஸுக்கு ஸ்கொயர் ரூட் மாதிரி) லாம்டாவ எடுத்துக்கிட்டு, அத எந்த வரிசை எந்த க்ரூப்னு சொல்ற இசட் மேட்ரிக்ஸோட பெருக்கி, அந்தப் பெருக்கலோட ட்ரான்ஸ்போஸையும் அதையும் பெருக்கி, அதுகூட ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ கூட்டுது, அப்புறம் அதத்தான் சால்வ் பண்ணுது. லாம்டா முழுசா ஜீரோ ஆனாக்கூட அந்த ஐடென்டிட்டி அங்கயே இருக்கும், கணக்கு உடையாது. எவ்ளோ அழகான வேலை பாருங்க!

பேக்கேஜ் கூடவே வர்ற ஸ்லீப்ஸ்டடிங்கற தூக்க ஆய்வு டேட்டால 18 பேர், 180 வரிசை, ஆளுக்கு இன்டர்செப்ட், ஸ்லோப்னு 36 ரேண்டம் எஃபெக்ட், ஆனா ஆப்டிமைசர் தேடுறது லாம்டாவுல இருக்கற வெறும் 3 நம்பர்தான், மத்ததெல்லாம் ப்ரொஃபைல் ஆகி, அதாவது அந்த 3லேர்ந்தே நேரா கணக்காகி, வெளிய போயிடுது. மேட்ரிக்ஸும் ஸ்பார்ஸா, அதாவது பெரும்பாலும் ஜீரோவா, இருக்கறதால மாணவர் ஒரு பக்கம் டீச்சர் ஒரு பக்கம்னு க்ராஸ் ஆகுற பெரிய டேட்டாவையும் நல்லாவே தாங்கும்.

குறைன்னா, மாடல் ஓரத்துக்குப் போனா, அதாவது முன்னாடி சொன்ன ஜீரோ வேரியன்ஸ் மாதிரி ஆனா, சிங்குலர் ஃபிட்னு ஒரு மெசேஜ் வருது, எந்த டெர்ம்னு அது சொல்லாது, நாமதான் வேர்கோர் ஃபங்ஷன் போட்டு பாக்கணும். அத ஃபெயிலியர்னு நெனச்சு பயப்பட வேணாம், ஆனா கண்டுக்காம விடவும் கூடாது. பி வேல்யூ வேணும்னா எல்எம்இஆர்டெஸ்ட் பேக்கேஜ் தனியா போடணும். ரெசிட்யுவல்ல ஏஆர்1 (முந்தின அளவோட பிழை அடுத்ததயும் பாதிக்கறது) வேணும்னா என்எல்எம்இ இன்னும் கைகொடுக்கும், அத தூக்கிப் போட்டுராதீங்க.

க்ரூப் நாலஞ்சுதான் இருக்கு, வேரியன்ஸ் ஜீரோன்னு வந்தா நம்பவே முடியலன்னா பிஎல்எம்இ பேக்கேஜ் போட்டு பாருங்க, இதே எல்எம்இ4 மேல ஒரு லேசான ப்ரையர் (டேட்டா பாக்கறதுக்கு முன்னாடியே வைக்கற அனுமானம்) வச்சு கோவேரியன்ஸ ஓரத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளும்.