டெலிபோன் கம்பியின் கடைமடையில் 11 வருஷம்

டெலிபோன் கம்பி வழியாக வந்த என் பிராட்பேண்டுக்கு ஐந்துக்கு இரண்டரை மார்க் கொடுக்கிறேன். அதில் இரண்டு லைன்மேனுக்கு, அரை கம்பிக்கு. கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. விடைத்தாள் திருத்திப் பழகிய கை, மார்க்கைக் கடைசி வரை மூடிவைக்க வராது.

எங்கள் தோட்டம் பழனிமலையின் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம். நாலு ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, மலைவாழை. வத்தலக்குண்டுப் பக்கம் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று 2010-ல் மேலே வந்து சேர்ந்தேன். மாமியார் காலத்து லேண்ட்லைன் வீட்டில் இருந்தது. செல்போனுக்கு வாசல் பலாமரத்தடியில் ஒரு கோடு தெரியும், வீட்டுக்குள் அதுவும் கிடையாது. அதனால் 2011-ல் அந்த லேண்ட்லைனிலேயே பிராட்பேண்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

"எக்ஸ்சேஞ்சுல இருந்து எவ்ளோ தூரம் மேடம்?"

வண்டி மீட்டரில் பார்த்து வைத்திருந்தேன், 4.6 கிலோமீட்டர். கவுன்டரில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "2 எம்பி பிளான் போட்டுக்குங்க. 2 எம்பி வரை வரும்" என்றார். இந்த 'வரை' இருக்கிறதே, எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வருகிற யாரும் அவ்வளவு பாடுபட்டதில்லை.

மோடம் வந்த அன்றைக்கே பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் செட்டிங் பக்கத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். டவுன்லோடு 1216 கேபிபிஎஸ், அதாவது சுமார் 1.2 எம்பி. லைன் அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேய்கிற அளவு, 62 டெசிபெல். எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைச் சமாளிக்கச் சிக்னலுக்கு மிச்சமிருக்கும் தெம்பு, 7. இந்த மூன்று எண்ணையும் அன்று முதல் பழைய காப்பிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். வேகம் பார்க்கும் சைட்டுகளை விட இந்த நோட்டு நம்பகமானது.

அரை மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்றால் போக வர ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம் மின்தடை. என் வீட்டுக்கு 800 ஓம். பேசுவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை, குரலுக்கு 3400 ஹெர்ட்ஸ் போதும். ஆனால் ஏடிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பியில் நெட் அனுப்பும் முறை, அதே கம்பியில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிப் போகிறது. அலைவரிசையை 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 256 கீற்றாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றிலும் தாங்குகிற அளவுக்குத் தகவலை ஏற்றுகிறது. தூரம் கூடக் கூட மேல்கீற்றுகள்தான் முதலில் அணையும். பக்கத்து மலையில் திருவிழா நடந்தால் இங்கே தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது இல்லையா, அதே கதைதான். மோடம் அட்டைப்பெட்டியில் '24 எம்பி' என்று போட்டிருந்தது. அது ஏடிஎஸ்எல்லின் புது வடிவமான ஏடிஎஸ்எல்2+, 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்வீட்டில் குடியிருப்பவருக்கு அது உதவும். எனக்கு அது இன்னும் ஒரு ஜோடி ஜால்ரா. செட்டிங்கில் ஏடிஎஸ்எல்2+ ஐ எடுத்துவிட்டுப் பழைய ஜி.டிஎம்டி முறையைப் போட்டேன். வேகம் கூடவில்லை, ஆனால் மணிக்கொரு தரம் அறுந்துகொண்டிருந்தது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

ஆறு மாதம் 2 எம்பிக்குப் பணம் கட்டினேன். வந்தது நல்ல வெயில் நாளில் 1216, மழை நாளில் 600, ஐப்பசியில் பூஜ்யம். பிறகு யோசித்துப் பார்த்து 512 பிளானுக்கு இறங்கினேன். பேரனுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் இறங்கிய மறுநாள் நோட்டில் எழுதிய எண்ணைப் பாருங்கள்: மார்ஜின் 7-லிருந்து 15. கம்பி தன் சக்திக்கு மீறி இழுப்பதை நிறுத்தியதும் மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது. 5 மெகாபைட் பிடிஎஃப் இறங்க ஒன்றேகால் நிமிஷம் ஆகும். அதற்குள் பால் காய்ந்துவிடும், அதனால் என்ன? மாதம் மிச்சமான காசு தனி. அரசாங்கமே 2004-ல் 256 கேபிபிஎஸ் இருந்தால் பிராட்பேண்ட் என்றது, 2013-ல் அதை 512 ஆக்கியது. நான் ஜஸ்ட் பாஸ்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

லைன்மேன் தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும். முதல் தடவை வந்ததும் மோடத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "டீச்சர், இந்த ஒயர் எங்க போகுது?" பழம் உரிக்கிற கொட்டகையில் ஒரு பேரலல் போன், மாமனார் இழுத்தது, 120 மீட்டர் ஒயர். போன் செத்துப் பல வருஷம், ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. முனை மூடிய பைப்பில் தண்ணீர் மோதித் திரும்புகிற மாதிரி, சிக்னல் அந்த ஒயரின் முனை வரை போய்த் திரும்பி வந்து நல்ல சிக்னலோடு மோதும். கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. 200 கேபிபிஎஸ் கூடியது. வீட்டுக்குள் வரும் லைன் முதலில் குரலையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குப் போய், அதன் பிறகுதான் போனும் மோடமும் என்பதையும் அன்றைக்கே சரி செய்து கொடுத்தார். அதற்கு முன்னால் ஹாலில் போன் அடித்தால் நெட் போய்விடும்.

ஒரு கார்த்திகை மாதம். டயல் டோன் சுத்தமாக இல்லை, நெட் மட்டும் ஓடுகிறது. புகார் கொடுத்தால் எதிர்முனையில் நம்பவில்லை: "நெட் ஓடுதுன்னா லைன் நல்லாருக்குன்னு அர்த்தம் மேடம்." தம்பிக்கு விஷயம் தெரியும். ஜோடிக் கம்பியில் ஒன்று ஏதோ ஜாயின்ட்டில் விட்டிருக்கிறது. டயல் டோனுக்கு எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் சுற்று முழுமையாக வேண்டும். உயர் அதிர்வெண் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும், மெதுவாக. கம்பிகள் பிரிகிற டெலிபோன் பெட்டியான பில்லரிலிருந்து ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் திறந்து பார்த்தார். ஓர் இடத்தில் செம்பு பச்சைப் பாசியாகப் பூத்திருந்தது. சுரண்டி முறுக்கினார், டோன் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த கேஸ் இன்னொன்று. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நெட் தடுமாறும், விடிந்தால் சரியாகும். மழை, காற்று எதுவும் காரணமில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தால் டிக்... டிக்... டிக்... என்று விநாடிக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. மூன்று வாரம் நோட்டில் நேரம் குறித்தேன். தம்பி ஸ்ப்ளிட்டரை மாற்றினார், ஜோடிக் கம்பியையே மாற்றினார், சத்தம் போகவில்லை. ஒரு ராத்திரி டார்ச்சோடு வேலி ஓரம் நடந்தபோது அதே டிக் டிக் வெளியே கேட்டது! பக்கத்துத் தோட்டத்துக்காரர் காட்டுமாடும் பன்றியும் வராமலிருக்கச் சோலார் வேலி போட்டிருந்தார். சாயங்காலம் போட்டுக் காலையில் அணைப்பார். மழைக்குப் பின் புல் வளர்ந்து கம்பியைத் தொட, ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே நீலப் பொறி தட்டியது. பொறி என்றால் ரேடியோ அலை. எங்கள் வீட்டுக்கு வரும் டிராப் ஒயர் அந்த வேலிக்கு இணையாக மரத்துக்கு மரம் போகிறது. மறுநாள் போய், "அண்ணே, உங்க வேலி எங்க நெட்டை மேயுது" என்றேன். பேய் பார்ப்பது போல் பார்த்தார், ஆனாலும் புல்லைச் செதுக்க ஆள் விட்டார். அன்று ராத்திரி லைன் அவ்வளவு அமைதி.

மோடம் பற்றி: மூன்று வாங்கினேன், இரண்டை இடி கொண்டுபோனது. மாடல் பார்த்து எதுவும் சிபாரிசு செய்யத் தோன்றவில்லை. மேலே ஒயர் இழுத்த வீட்டில் எந்த மோடமும் ஐப்பசி இடிக்கு முன் பஞ்சுதான். மேகம் கறுத்ததும் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டெலிபோன் ஒயரையும் பிடுங்க வேண்டும். முதல் மோடம் கரண்ட் பிடுங்கி வைத்திருந்த நிலையில்தான் கருகியது.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்த மலையையும் போட்டு அடித்தது. சில்வர் ஓக் மரங்கள் போஸ்ட்டோடு சேர்ந்து சரிந்துவிட்டன. எனக்கு 23 நாள் லைன் இல்லை. அந்த மாத வாடகை முழுசாகப் பில்லில் வந்தது. கழித்துத் தரச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. கம்பெனிக்கு ஏன் பூஜ்யம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 4.6 கிலோமீட்டர் தூரத்துக்காக நான் மார்க் குறைக்கவில்லை. இயற்பியலோடு எனக்குச் சண்டை கிடையாது.

இன்னும் செம்புக் கம்பியில் இருப்பவர்கள் யாராவது கேட்டால்: அட்டெனுவேஷன் 60-க்கு மேல் இருந்தால் பெரிய பிளானுக்குப் பணம் கட்டாதீர்கள். போனை எடுத்து ஒரு நிமிஷம் காதில் வைத்துச் சும்மா கேளுங்கள். கரகரப்பு இருந்தால் நெட் புகார் கொடுக்காமல் போன் புகாராகக் கொடுங்கள். என் அனுபவத்தில் அதற்குத்தான் ஆள் சீக்கிரம் வருவார்.

2022-ல் ரோட்டோரம் ஃபைபர் வந்தது. எடுத்திருக்கிறேன், வேகத்தில் குறையில்லை, வீடியோ காலில் பேரன் இப்போது அசைகிறான், பேசுகிறான். இரண்டு தடவை ஜேசிபி அறுத்தது. முதல் தடவை பழக்கதோஷத்தில் லைன்மேன் தம்பியைத்தான் கூப்பிட்டேன். "டீச்சர், அது கண்ணாடி. என் பிளேயருக்கு அங்க வேலை இல்லை" என்றார். ஆனாலும் வந்தார், காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மோடம் நல்ல நிலையில் இருக்கிறது. ஸ்ப்ளிட்டரும் உண்டு. வேண்டுபவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். அடாப்டரை மட்டும் கேட்காதீர்கள். ஃபைபர் பெட்டியோடு வந்த அடாப்டர் போன ஐப்பசியில் கரண்ட் வழியாக வந்த இடிக்குப் போய்விட்டது, அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட்.