12 வருடமாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம் பழைய கல்கட்டுக் கிணறு ஒன்று இருந்தது. மினரல் நிறைந்த தண்ணீர், அப்படியே குடிக்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ருசி அருமை. டிடிஎஸ் மீட்டரிலும் அளவு நன்றாகவே காட்டியது. அதை நம்பி முதல் வருடம் முழுக்கக் குடித்தோம். அது தவறு.

அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. ஆய்வகத்தில் கொடுத்தபோது கால்சியம், மெக்னீசியத்தோடு நைட்ரேட்டும் வந்தது, அதுவும் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பே அந்த 50தான். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க இந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். காய்ச்சினாலும் பயனில்லை. நீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கிவிடும், செறிவு இன்னும் கூடும்.

காரணம் மேட்டுப்பக்கம் இருந்த கழிவுநீர்த் தொட்டியின் கசிவு. அதைச் சரிசெய்தோம். அப்புறம் கிணற்றின் கைப்பிடிச் சுவரை உயர்த்தி, சுற்றிலும் வெளிப்பக்கம் சரியும் சிமெண்ட் தளம் போட்டு, மூடியும் வைத்தோம். மழைநீர் நேராக உள்ளே இறங்குவது அதோடு நின்றது. குளோரின் போட்டு இறைத்த பிறகு செய்த சோதனையில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி) இல்லை. நைட்ரேட் குறையத்தான் மூன்று வருடம் ஆனது. அதுவரை குடிக்க மட்டும் ஆர்ஓ. அதில் கனிமங்களும் போய்த் தண்ணீர் சப்பென்று ஆனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரும்பு சின்னத் தொல்லைதான். இறைக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், காற்றுப் பட்டதும் வாளியில் செம்பழுப்பாகப் படியும். தொட்டியில் ஷவர்போல விழவிட்டு, மணல் வடிகட்டி வைத்ததும் துணியில் கறை நின்றுவிட்டது. ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவு இன்றும் உண்டு. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றினால் கழன்றுவிடும்.

தூர் வார யாரையும் சட்டென்று உள்ளே இறக்காதீர்கள். அடியில் ஆக்சிஜன் இல்லாமலோ விஷவாயு தேங்கியோ இருக்கலாம், ஒரே மூச்சில் மயங்கிவிடுவார்கள். வாயு அளக்கும் கருவியும் காற்றோட்ட ஏற்பாடும் உள்ளவர்களையே அழைக்கிறோம்.

நைட்ரேட் வரம்புக்குள் வந்த பிறகு, ஆர்ஓவை நிறுத்திவிட்டுக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறோம். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு பாட்டில் ஆய்வகத்துக்குப் போகிறது; முடிவு வரும்வரை, கிருமிக்குப் பயந்து காய்ச்சித்தான் குடிப்போம்.