ஹெல்மெட் கேமரா: ராமேஸ்வரம் ரோட்டின் உப்புக்காற்றுக்கு எந்த மவுண்ட் தாங்கும்?

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை பைக்கில் போகிற எவருக்கும் கேமரா ஆசை வரும். மண்டபம் தாண்டியதும் பாலம், பாம்பன், அப்புறம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து கடைசி 9.5 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் கடல். கேமராவை வாங்கிவிடுகிறார்கள். அதை ஹெல்மெட்டில் எந்த மவுண்ட், அதாவது எந்தப் பிடிமானம், வைத்து நிறுத்துவது என்பதில்தான் குழப்பம். கடையில் வாங்கும் பட்டை, ஒட்டுத் தகடு, 3டி பிரிண்ட், பட்டறையில் வளைத்த தகடு, வீட்டிலேயே பிசைந்து செய்தது என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

நான் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஓடும்போது ஆடாமல் நிற்கிறதா? கீழே விழுந்தால் உடனே கழன்று போகிறதா? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம். ஹெல்மெட் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும்போது கழலாத மவுண்ட் எங்காவது சிக்கினால், அந்த இழுப்பு கழுத்துக்குத்தான் போகும்.

அதனால் ஹெல்மெட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கும் யோசனையைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு உள்ளே அடியை வாங்கிக்கொள்வது தெர்மாகோல் மாதிரியான மெத்தை. அதில் போல்ட் தலையைப் புதைத்தால், அடிபடும்போது அது மண்டைப் பக்கமாக வரும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் முதல் விதி இருக்கிறது. அந்த முத்திரை துளை போடாத ஹெல்மெட்டுக்குக் கொடுத்தது. கேரளப் போக்குவரத்துத் துறை 2022-ல் ஹெல்மெட் கேமராவே கூடாது என்று அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேமராவை ஹெல்மெட்டின் உச்சியில் வைப்பதா, தாடையிலா? இதற்குப் பாம்பன் பாலமே பதில் சொல்லிவிடும். பழைய ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தவரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பக்கத்து ரோட்டுப் பாலத்தில் பைக்கில் போகிறவருக்கும் அதே காற்றுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரம் போகும்போது வலது பக்கத்திலிருந்து தள்ளும். கேமரா சுமார் 150 கிராம்தான். ஆனால் உச்சியில் மவுண்ட்டோடு சேர்ந்து எழுந்து நிற்கும்போது அந்தக் காற்று தலையைத் திருப்பப் பார்க்கும். மாலையில் கழுத்து வலிக்கும், வீடியோவும் நடுங்கியிருக்கும். தாடையில் இருந்தால் எடை முகத்தோடு ஒட்டி இருக்கும், படமும் கண் பார்க்கும் உயரத்தில் வரும். முழு முக ஹெல்மெட் என்றால் தாடையேதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பட்டை மலிவு, ஒரு ஹெல்மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அதோடு அதன் பெருமை முடிந்தது. வியர்வையும் உப்பும் ஏறினால் சீக்கிரமே தளர்ந்துபோகும்.

ஒட்டுத் தகடுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு கேள்விக்கும் அது தேறுகிறது. நேராக இழுத்தால் விடாது, பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் உரிந்துவிட வாய்ப்பு அதிகம். இதற்கு 3எம் கம்பெனியின் விஹெச்பி வகை டபுள் சைடு டேப் வாங்குங்கள், ஸ்டேஷனரி கடை டபுள் சைடு டேப் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் டேப் உருகிவிடும் என்று பயப்படுகிறார்கள். விஹெச்பி அந்தச் சூட்டைத் தாங்கும். அதைக் கெடுப்பது ஹெல்மெட் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் உப்புப் படலம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வீட்டுக்குள் வைத்து ஒட்டுங்கள். பெட்ரோலும் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது, ஹெல்மெட்டின் வெளிப்புறத்தையும் உள்மெத்தையையும் அவை அரித்துவிடும். ஒட்டியதும் கேமராவை மாட்டாதீர்கள். ஒரு நாளில் பெரும்பாலும் பிடித்துவிடும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு ஒட்டிவிட்டு சனிக்கிழமை காலை தனுஷ்கோடி கிளம்புகிறவர்கள்தான் டேப்பைத் திட்டுகிறார்கள்.

ஒரே சிக்கல், தாடைப் பகுதி வளைவாக இருக்கும், தகடு தட்டையாக இருக்கும். வீட்டு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

3டி பிரிண்ட் செய்து அனுப்புகிறவர்கள் இணையத்தில் நிறைய. ஹெல்மெட் மாடலைச் சொன்னால் அதே வளைவில் வரும், பார்க்கவும் அழகு. எந்தப் பிளாஸ்டிக் என்று மட்டும் கேளுங்கள். மலிவாகக் கிடைப்பது பிஎல்ஏ, அது 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். அக்னி தீர்த்தத்துக்குக் குளிக்கப் போகும்போது பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகும் கறுப்பு ஹெல்மெட், மே மாத மதியத்தில் அந்தச் சூட்டை நெருங்கிவிடும். பெட்ஜி 80 வரை தாங்கும். ஏஎஸ்ஏ அதற்கும் மேலே, வெயிலில் வெளுக்கவும் செய்யாது. பிஎல்ஏ மட்டும்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எம்சீல் என்கிற, பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் பசையை வைத்துச் செய்யும் வழி இதைவிட மலிவு. தாடையில் பாலிதீன் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன் மேல் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்த எம்சீலைப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே தட்டையான தகட்டை மேலே அழுத்தி, நேராக இருக்கிறதா என்று எதிரே நின்று பார்த்துவிட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் தாளோடு உரித்தால் உங்கள் ஹெல்மெட்டின் வளைவு அச்சாக வந்திருக்கும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, விஹெச்பி போட்டு ஒட்டினால் முடிந்தது. நெருப்பு, துளை எதுவும் தேவையில்லை. பார்க்க அசிங்கம்தான், கறுப்பு பெயின்ட் கொஞ்சம் மறைக்கும். பலமாக அடிபட்டால் எம்சீலே உடைந்துவிடும். கடினமாக இருந்தாலும் நொறுங்கக்கூடிய பொருள், இந்த வேலைக்கு அந்தக் குணம் வசதி.

பட்டறையில் அலுமினியப் பட்டையை வளைத்து வாங்குவது மூன்றாவது வழி. ஆடாமல் நிற்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. உடையாது, உரியாது, அதனாலேயே என் இரண்டாவது கேள்வியில் தோற்கிறது. மேலும் ஒன்று உண்டு. அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் போட்டால் உப்பு ஈரம் நடுவில் புகுந்து அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். படகு வேலை செய்கிற வெல்டர்களைக் கேளுங்கள், "தம்பி, ரெண்டு உலோகம் சேர்ந்தா ஒண்ணு ஒண்ணத் தின்னுரும்" என்பார்கள். நடுவில் நைலான் வாஷர் போட்டால் வேகம் குறையும்.

எம்சீல், பிரிண்ட் இரண்டிலும்கூட ஒரு போல்ட்டாவது வரும், பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராவுக்கு எம்5 அளவு. நாகம் பூசிய இரும்பு போல்ட் கடலோரத்தில் சீக்கிரமே துரு கக்கும், பிறகு கழற்றவும் முடியாது. 304 என்ற ரக எவர்சில்வர் பரவாயில்லை. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு அதில் சுலபமாகப் புள்ளிக் குழி போடாது. ஒரு போல்ட்டுக்கு என்ன பெரிய விலை, 316 வாங்கிவிடுங்கள். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம், முடியாது.

பெயர் பொறித்த எவர்சில்வர் சங்கிலிகளை இப்போது இணையத்தில் விருப்பப்படி செய்து தருகிறார்கள், பலவும் 316எல் என்று விற்கப்படுகின்றன. அந்தச் சங்கிலியையே கேமராவுக்குப் பாதுகாப்புக் கயிறாகப் போட்டு, தொங்கும் வில்லையில் பைக் நம்பரைப் பொறிக்கும் மோகமும் உண்டு. படத்துக்கு அழகு. ஆனால் காற்றில் ஹெல்மெட் மேல் கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருக்கும், மைக்கில் அதுதான் கேட்கும். தடித்த சங்கிலி என்றால் அறுந்துகொள்ளவும் செய்யாது. மீன்பிடிச் சாமான் கடையில் மெல்லிய தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்பு, வாங்குங்கள். டேப் உரிந்தால் பின்னால் வருகிறவர் மேல் கேமரா பறக்காமல் பிடிக்கும், பெரிய இழுப்பு வந்தால் அறுந்துவிடும். வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும், அவ்வப்போது மாற்றினால் போதும்.

ஆக, முழு முக ஹெல்மெட்டுக்கு எம்சீல் அச்சு, விஹெச்பி, 316 போல்ட், தங்கூசி. அழகு முக்கியம் என்றால் எம்சீலுக்குப் பதில் ஏஎஸ்ஏ பிரிண்ட்.

பாதி முக ஹெல்மெட் போடுகிறவர்களுக்குத் தாடை கிடையாது. பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பக்கம் கனம், படத்தில் பாதி உங்கள் கன்னம்தான். அவர்கள் ஹெல்மெட்டை விட்டுவிட்டு நெஞ்சுப் பட்டைக்குப் போவது நல்லது. ஹேண்டில்பாரும் முன்னால் ரோடும் படத்தில் வரும், தலைக்குக் கனமும் இல்லை. எதில் மாட்டினாலும் அரிச்சல்முனையிலிருந்து திரும்பியதும் லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். கேமரா நீர்புகாத வகையாக இருந்தால், மூடிகள் சரியாக அடைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதலில் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள்.