கொழுந்து எடை ஆப்பும் கோத்தகிரி மலையும்: சர்வர் கிடைக்காத நேரத்தில் என்ன செய்வது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்காகக் கொழுந்து எடை போடும் வேலை பார்க்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையை ரோட்டோரத்தில் நிறுத்து, அவரவர் பெயரில் ஏற்றி, சீட்டுக் கொடுக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் போய் இதற்கு ஆப் வந்து சில வருடங்கள் ஆகின்றன. தராசிலிருந்து புளூடூத் வழியாக எடை நேராகப் போனுக்கு வந்துவிடும். கூட்டல் பிழை இல்லை, மழையில் நனைந்த நோட்டு இல்லை. பழைய முறைக்குத் திரும்பச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

தொல்லை ஒன்றே ஒன்று. எடைப் பதிவுகள் போய்ச் சேர வேண்டிய கணினியான சர்வருக்கு அனுப்பும்போது 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று வரும். டவர் இல்லாவிட்டாலும் இதே வரிதான், சர்வரே படுத்துவிட்டாலும் இதே வரிதான், போனில் தேதி தப்பாக இருந்தாலும் இதே வரிதான். எங்கே கோளாறு என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்த வரியைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்கண்ணா, சரியாயிடும்" என்பார். தயவுசெய்து செய்யாதீர்கள். சர்வருக்குப் போகாத எடையெல்லாம் அந்த ஆப்பின் சேமிப்புக்குள்தான் காத்துக்கொண்டிருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். செட்டிங்ஸில் 'கிளியர் டேட்டா' கொடுத்தாலும் அதே கதி. 'கிளியர் கேச்' வேறு. அதில் பதிவுகள் அழியாது, ஆனால் சர்வர் பிரச்சினைக்கு அதனால் பெரும்பாலும் பலனும் இருக்காது. தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கிறது. அந்த விலையோடு பெருக்க வேண்டிய எடை நம் போனில் இருக்கிறது. ஒரு நாள் எடை காணாமல் போனால் அது ஒரு குடும்பத்தின் காசு. அதனால் முதல் வேலை, அனுப்பாமல் நிற்கும் பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அடுத்தது டவர். மலையில் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் நெட் ஓடாத இடங்கள் நிறைய. கோடு காட்டுவது டவரோடு உள்ள தொடர்பின் பலத்தை மட்டும்தான். அந்த டவருக்குப் பின்னால் இருக்கும் லைன் அறுந்திருந்தால் கோட்டுக்கு அது தெரியாது. இங்கே பலரும் மிஸ்ட் (மூடுபனி) இறங்கினால் நெட் போய்விடும் என்பார்கள். போன் அலைகளை மிஸ்ட் அவ்வளவாகத் தடுப்பதில்லை. மலையின் கிழக்குப் பக்கமான எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். மரம் சாய்ந்து கரண்ட் போகும், டவரின் பேட்டரி தீரும், அதோடு நெட்டும் போகும். மிஸ்ட்டும் அதே நேரத்தில் இருப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. இது தெரிந்திருந்தால் ஒரு லாபம் உண்டு: மிஸ்ட் விலகட்டும் என்று காத்திருக்காமல், கரண்ட் இருக்கும் ஊருக்கு வந்து அனுப்பிவிடலாம்.

பள்ளத்தில் இருந்தால் ஒரு வளைவு மேலே ஏறி, ஃப்ளைட் மோடைப் போட்டு எடுங்கள். போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். இரண்டு சிம்மும் வேறு வேறு கம்பெனியாக இருப்பது இந்த வேலைக்கு மிக அவசியம். ஒன்றில் ஓடாதது இன்னொன்றில் ஓடினால் சர்வர் மேல் தப்பில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

நெட் இருக்கிறதா என்பதற்கு நான் நம்பும் சோதனை பிரவுசர்தான். வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பிரவுசரில் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், அடுத்து சர்வரின் முகவரியையே அதில் போடுங்கள். ஆப்பின் செட்டிங்ஸில் அந்த முகவரி இருக்கும். 502, 503 என்று எண் வந்தால் நம் பக்கம் வேலை முடிந்தது. நாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம், கோளாறு அவர்கள் பக்கம். எண் எதுவும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், குன்னூரிலோ ஊட்டியிலோ இருக்கும் கூட வேலை செய்பவரிடம் அதே முகவரியைத் திறக்கச் சொல்லுங்கள். அவருக்குத் திறந்தால் நம் போனையோ நெட்டையோ பார்க்க வேண்டும். முகவரி 192.168 என்று ஆரம்பித்தால் அது ஃபேக்டரி வைஃபைக்குள் மட்டும் வேலை செய்யும் முகவரி; ரோட்டோரத்தில் எவ்வளவு முயன்றாலும் வராது.

போனுக்குள் பார்க்க வேண்டியதில் முதலாவது தேதியும் நேரமும். அது தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ போனுக்குத் தோன்றும், இணைப்பை மறுத்துவிடும். தானியங்கி நேரத்தை ஆன் செய்தால் போதும். அப்புறம் விபிஎன், அதாவது நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்; ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றொரு செட்டிங் இருக்கிறது; தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியை எங்கே கேட்பது என்பதை அது தீர்மானிக்கும். விளம்பரம் வராமல் இருக்கப் பிள்ளைகள் யாராவது அதை மாற்றி வைத்திருப்பார்கள்; தானியங்கிக்குத் திருப்பிப் பாருங்கள். டேட்டா சேவர், பேட்டரி சேவர் இரண்டிலும் இந்த ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள்.

மிகப் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நிறைய சர்வர்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களின் நம்பிக்கைப் பட்டியலில் அதன் மூலச் சான்றிதழ் கிடையாது. அவற்றுக்காக இருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. எல்லோர் போனிலும் ஓடி உங்களுடையதில் மட்டும் ஓடாவிட்டால் இதையும் யோசியுங்கள். ஃபேக்டரியில் வேறு போன் கேட்க இது நியாயமான காரணம்.

ஆப் செய்தவர்களுக்குப் போன் போட்டால், "இங்க நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள். அவர்கள் இருப்பது சமவெளியில், ஆபீஸ் வைஃபையில். வெறுமனே 'வரவில்லை' என்று சொல்லாமல் எந்த சிம், எத்தனை மணி, பிரவுசரில் என்ன வந்தது என்ற மூன்றையும் அனுப்புங்கள். அப்படி அனுப்பத் தொடங்கியபின் எனக்குப் பதில் சீக்கிரம் வருகிறது.

அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. நெட் இல்லையா, சர்வர் இல்லையா என்று ஆப்பே பிரித்துச் சொல்ல வேண்டும். அனுப்பாத பதிவு எத்தனை என்பது முதல் திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். அது வரும்வரை சீட்டு இரண்டாக அடித்து, ஒன்றை விவசாயியிடம் கொடுத்து ஒன்றை நம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. புளூடூத் பிரின்டருக்கு நெட்டும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.